ஆரல்வாய்மொழிக் காற்றில் வெடித்த மதில் பூச்சு

ஐயா, ஆடி மாதம் மதிலில் ஒட்டுப் பூச்சு பூசி, மறுநாளே மயிரிழை வெடிப்பு விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிமெண்ட் மீது சந்தேகம் வேண்டாம். ஆரல்வாய்மொழி மலைக் கணவாய் வழியே வீசும் காற்று, கலவை இறுகும் முன்பே ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. காய்ந்த செங்கல்லும் உள்ளிருந்து குடிக்கிறது. சிமெண்டைக் கூட்டினால் வெடிப்பும் கூடும், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் (1:5) போதும்.

சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வருகிற இடத்தை மட்டும் கொத்தி எடுங்கள். முதல் நாளே சுவரை நனையுங்கள். பூசும்போது ஈரம் இருக்கலாம், தண்ணீர் மினுங்கக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு பூசச் சொல்லுங்கள். அப்புறம் பூச்சு இறுகியதும் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, பறக்காமலிருக்க மேலே செங்கல் வையுங்கள். 7 நாள் அந்தச் சாக்கு காயவே கூடாது.