முறுக்குக்கு வேண்டாம், மசாலாவுக்குப் பாருங்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், எம்.எஸ்சி. பயோடெக் முடித்தவர். அப்பத்தா வீட்டு நீராகாரத்திலிருந்து ஒரு லாக்டிக் அமில பாக்டீரியாவை, அதாவது பாலைத் தயிராக்கும் வகைக் கிருமியை, பிரித்து வைத்திருக்கிறார். ஆய்வகத் தட்டில் அதைச் சுற்றி மற்ற கிருமிகள் வளரவில்லையாம். வளர்த்து, வடித்து, பொடியாக்கி, 'உணவு கெடாமல் காக்கும் இயற்கைப் பொடி' என்று ஊர்ப் பலகாரக் கடைகளுக்குக் கொடுக்க ஆசை. பேடன்ட் எடுக்கலாமா, என்ன அனுமதி வேண்டும், பணம் எங்கே கிடைக்கும் என்று மூன்று கேள்வி.

சொல்கிறேன் தம்பி. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தப் பண்டத்துக்கு இந்தப் பொடி?

முறுக்கு நமத்துப்போகும், சீப்புச் சீடை நாளானால் சிக்கு வாடை அடிக்கும், அதிரசத்தில் பூசணம் பிடிக்கும், சட்னி ஊசிப்போகும், மாவு புளித்துப் பொங்கும். ஆச்சிமார் எல்லாவற்றையும் 'கெட்டுப்போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதில்லை, ஏனென்றால் ஐந்தும் வேறு வேறு காரியம். நமப்பது காற்றிலிருந்து ஈரம் ஏறுவதால், சிக்கு அடிப்பது எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்வதால். இந்த இரண்டிலும் கிருமிக்கு வேலையே இல்லை. ஒரு பண்டத்தில் கிருமிக்கு எட்டக்கூடிய நீர் எவ்வளவு என்பதை நீர்ச்செயல்பாடு என்று ஓர் எண்ணால் சொல்வோம், சுத்தத் தண்ணீருக்கு அது 1, அதுவே 0.6-க்குக் கீழே போய்விட்டால் எந்தக் கிருமியும் வளராது, மொறுமொறுப்பாக வெந்த முறுக்கோ அதற்கும் கீழே நிற்கும். அந்தக் கடைக்காரருக்கு வேண்டியது நல்ல பாக்கெட்டும் அதில் காற்றுக்குப் பதில் அடைக்க நைட்ரஜனும் திரும்பத் திரும்பக் காய்ச்சாத எண்ணெயும்தான். பலகாரக் கடை என்ற உங்கள் முதல் வாடிக்கையாளர் இங்கேயே போய்விட்டார், வருத்தப்படாதீர்கள்.

அதிரசம்? பூசணம் பூஞ்சை வகை. லாக்டிக் பாக்டீரியா சுரக்கும் பாக்டீரியோசின் எனும் புரதங்கள் பெரும்பாலும் பூஞ்சையைத் தொடுவதில்லை. சட்னி பெரும்பாலும் தண்ணீராலும் கையாலும் கெடுவது. அங்கே வரும் ஈ.கோலி, சால்மொனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, இந்தப் புரதம் அதைத் தாண்டி உள்ளே போகத் திணறும்.

இட்லி மாவில் நானே சூடு பட்டவன். பல வருஷத்துக்கு முன் இதே போன்ற பொடியை ஒரு மாவு வியாபாரியிடம் கொடுத்து, அரைக்கும்போதே கலக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் இருபது பாக்கெட்டும் அரைத்தபடியே கிடந்தன, இட்லி ஊற்றினால் தட்டை. மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக்கும் ஒரு லாக்டிக் பாக்டீரியாதானே, என் பொடி முதலில் அதைத்தான் அடித்திருக்கிறது. மாவுக்குத்தான் என்றால் பொங்கிய பிறகு சேர்க்க வேண்டும், அது தனி ஆராய்ச்சி.

என்னைக் கேட்டால் அரைத்த ஈர மசாலா. செட்டிநாட்டுக் கோழி மசாலா, காரக்குழம்பு விழுது என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்களே, அது. மிளகு, மல்லி, மிளகாயில் பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் எனும் பாக்டீரியா வகைகளின் வித்துகள் மண்ணோடு வரும், வதக்கினாலும் எல்லாம் சாகாது, ஈரமும் சேர்ந்தால் முளைக்கும். உங்கள் புரதம், உணவு காக்க ஏற்கெனவே பயன்படும் நைசின் எனும் பாக்டீரியோசின் போன்றது என்றால் அதன் பலமே இந்த வகைக் கிருமிகளை அடக்குவதுதான். புளிப்பில் இன்னும் நன்றாக நிற்கும், விழுதில் புளி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சிக்கல், நல்லெண்ணெய். கொழுப்பு இந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தட்டில் காட்டிய பலம் விழுதில் பாதிகூட இல்லாமல் போகலாம். அதனால் தட்டுப் படத்தை யாரிடமும் காட்டி விற்காதீர்கள்.

தட்டில் கிருமி வளராமல் விழுந்த அந்த வளையத்தையும் முதலில் சந்தேகப்படுங்கள். அது வெறும் அமிலத்தால் வந்ததாக இருக்கலாம், ஹைட்ரஜன் பெராக்சைடாக இருக்கலாம். பாக்டீரியாவை வளர்த்து வடித்த நீரின் பிஎச்சை (புளிப்பைச் சொல்லும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.5 வாக்கில் கொண்டுவந்து, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறமும் வளையம் நின்று, புரதம் செரிக்கும் நொதி விட்டால் மறைகிறதென்றால் பாக்டீரியோசின். முதல் படியிலேயே மறைந்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது விலை கூடிய புளித்தண்ணீர்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் காதில் வாங்குவதில்லை: புதுசாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. வாடை, நுரை, உப்பல் எல்லாம் நமக்கு எச்சரிக்கை. அந்தக் கிருமிகளை மட்டும் அடக்கி, விஷம் கக்கும் கிருமியை விட்டுவைத்தால் பாக்கெட் மணமாகவே இருக்கும், உள்ளே ஆபத்து வளரும். எண்ணெய் மிதக்கும், காற்றுப் புகாத விழுதில் இது போட்டுலிசம் எனும் உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நஞ்சு வரை போகும். பிஎச் 4.6-க்கு மேல் இருக்கிற விழுதை உங்கள் பொடியை மட்டும் நம்பி வெளியே வைக்கச் சொல்லவே கூடாது. புளிப்பு, உப்பு, குளிர், அதற்கு மேல் உங்கள் பொடி, இதுதான் வரிசை.

சரி, உங்கள் மூன்று கேள்வி.

இயற்கையில் கிடைத்த பாக்டீரியாவுக்கு பேடன்ட் கிடையாது, 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு தடுக்கிறது. அதைத் தயாரிக்கும் முறைக்கும், புதுப்பலன் தரும் கலவைக்கும் கேட்கலாம். கிருமியை சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற அங்கீகரித்த சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், நம் நாட்டு உயிரினம் என்பதால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் பார்க்காமல் முடியாது. கருத்தரங்கில் போஸ்டர் வைப்பதற்கு முன்னால் மனுப் போடுங்கள்.

அனுமதி தருவது எஃப்எஸ்எஸ்ஏஐ, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம். விதிகளில் இல்லாத புதுச் சேர்க்கைப் பொருளுக்கும், கிருமியிலிருந்து எடுத்த புது உணவுப்பொருளுக்கும் 2017-ஆம் ஆண்டு விதிமுறைப்படி முன் அனுமதி வாங்க வேண்டும், கடைக்காரரின் லைசென்ஸ் உங்களுக்குக் குடை பிடிக்காது. கிருமியின் முழு மரபணு வரிசை, அதில் பரவக்கூடிய ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு இல்லை என்ற சான்று இரண்டையும் இப்போதே தயார் செய்யுங்கள். 'இயற்கை' என்று சொல்வதால் எதுவும் தளராது. நைசின் ஐஎன்எஸ் 234 என்ற எண்ணோடு ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. அதைவிட உங்களுடையது எதில் மேல் என்று வாங்குகிறவரும் கேட்பார், அதிகாரியும் கேட்பார்.

பணத்துக்கு, உயிரித்தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் 'பிக்' மானியம், 50 லட்சம் வரை, 18 மாதத்துக்கு. விண்ணப்பத்தில் 'எல்லா உணவுக்கும்' என்று எழுதாமல், ஒரே ஒரு விழுது, ஒரே ஒரு பிஎச், இத்தனை நாள் என்று எழுதுங்கள். சோதனைக்கு உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் தஞ்சாவூரில், உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு மசாலாக்காரரைப் பிடித்து, பொடி போட்டதும் போடாததுமாகப் பாக்கெட் போட்டு, அவர் கடை ஃபிரிட்ஜிலேயே வெப்பமானியோடு வையுங்கள். அதைச் சித்திரையில் செய்யுங்கள் தம்பி, மார்கழியில் வைத்தால் பொடி போடாத பாக்கெட்டும் நன்றாகத்தான் இருக்கும்.