பால், நெய் இல்லாமல் வெளியூர்ச் சாப்பாடு: டிபன் பாக்ஸும் ஹோட்டலும்

"வீகனாக மாறிவிட்டேன், வீட்டில் பிரச்சினை இல்லை, ஆனால் வேலைக்கும் வெளியூருக்கும் போகும்போது என்ன கட்டிக்கொண்டு போவது, ஹோட்டலில் என்ன சொல்லி வாங்குவது?" என்பதுதான் கேள்வி. வீகன் என்றால் கறி, முட்டை மட்டும் இல்லை, பால், நெய், தேன் என்று விலங்கிடமிருந்து வருகிற எதையும் சாப்பிடாதவர்.

எனக்கு மருந்து கம்பெனிப் பிரதிநிதி வேலை. வீடு மதுரையில், ஆனால் மதியச் சாப்பாடு பாதி நாள் விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி, திண்டுக்கல் என்று எங்கேயாவதுதான் நடக்கும். என் அனுபவத்தில் நம்ம ஊரில் வீகனுக்குச் சிக்கல் சின்னக் கடையில் இல்லை, பெரிய ஹோட்டலில்தான். தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவருக்கு நெய் கட்டுப்படியாகாது. தோசைக்கு எண்ணெய், சட்னிக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும், அவ்வளவுதான். ஏசி ஹோட்டலுக்குள் போனால் சாம்பார் இட்லி மேல் ஒரு கரண்டி நெய் மிதக்கும், பொடி தோசையில் வெண்ணெய் உருகும், கிரேவி எதை எடுத்தாலும் கிரீம் அல்லது தயிர், சில சமயம் இரண்டும். பில் ஏற ஏறப் பாலும் ஏறும்.

நம்ம சாப்பாட்டில் இந்தச் சமாச்சாரம் பெரும்பாலும் கடைசி நிமிஷத்தில்தான் வந்து விழுகிறது, அதனால் முன்கூட்டியே சொன்னால் தப்பிக்கலாம். "நான் வீகன்" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. "சைவம்தானே, எல்லாம் சைவம்தான் சார்" என்று பதில் வரும், அவர் சொல்வதும் சரிதான். பொருளைப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்: "அண்ணே, நெய், வெண்ணெய், பால், தயிர், மோர் எதுவும் வேண்டாம், எண்ணெயிலயே போடச் சொல்லுங்க." உடனே "ஏன் தம்பி, கொலஸ்ட்ராலா?" என்று கேட்பார். நான் "ஒத்துக்காதுண்ணே" என்று முடித்துவிடுவேன். இது பொய் என்று என்னிடம் சண்டைக்கு வரும் வீகன் நண்பர்கள் உண்டு. மத்தியானம் ஒன்றரை மணிக் கூட்டத்தில், கையில் நாலு தட்டோடு நிற்கிற மனிதரை நிறுத்தி மாட்டுப் பண்ணைகளைப் பற்றி விளக்க எனக்கு மனசு வராது. கொள்கை பேச வேறு நேரம் இருக்கிறது.

டிபனில் இட்லி, சாதா தோசை, மெதுவடை, பூரி கிழங்கு, இடியாப்பம் தேங்காய்ப்பால், இதெல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்லாதவை. வெண்பொங்கலும் கேசரியும் நெய்யிலேயே பிறப்பவை, அவற்றில் எதையும் தவிர்க்கச் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள். ரவா தோசை மாவில் பல இடங்களில் மோர் ஊற்றுவார்கள், ரவா இட்லியில் தயிர் நிச்சயம். அடை நல்லது, ஆனால் கூடவே வெண்ணெயும் அவியலும் வரும், அவியலில் தயிர் இருக்கும், அதனால் வெல்லம் மட்டும் கேளுங்கள். பரோட்டாவை நான் வெளியில் தொடுவதே இல்லை. மாவில் பாலோ முட்டையோ சேர்ப்பது கடைக்குக் கடை மாறும், சால்னா எதில் கொதித்தது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. குஸ்காவையும் வெள்ளந்தியாக வாங்கிவிடாதீர்கள், அது கறி பிரியாணியிலிருந்து கறித்துண்டை எடுத்துவிட்ட சோறு.

முழுச் சாப்பாடு என்றால் இலை போட்டதுமே சொல்லிவிட வேண்டும். பருப்பை வைத்த கையோடு நெய்க்கரண்டி வந்துவிடும், யாரும் கேட்டு ஊற்ற மாட்டார்கள். சாம்பார், காரக்குழம்பு, ரசம், பொரியல், கூட்டு, அப்பளம் போதும். ரசத்தை நெய்யில் தாளிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மோர்க்குழம்பு, தயிர்ப் பச்சடி, பாயசம் மூன்றையும் முதலிலேயே வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாக ஒரு பொரியல் கூடுதலாக வைக்கிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரி நண்பர்கள் வட இந்திய உணவகத்துக்கு இழுத்துப் போனால்தான் தலைவலி. 'நான்' ரொட்டி மாவில் தயிரும் பாலும் சேர்வது வழக்கம். தந்தூரி ரொட்டி பெரும்பாலும் வெறும் கோதுமை மாவு, மேலே பட்டர் தடவாமல் கொடுக்கச் சொல்லலாம். சன்னா மசாலா, ஆலு கோபி மாதிரி எதையாவது பட்டரும் கிரீமும் இல்லாமல் செய்து தருவீர்களா என்று கேட்பேன், முடியாது என்றால் ஒரு ஃபிரஷ் லைம் சோடாவோடு பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருப்பேன், வீட்டுக்குப் போகிற வழியில் இட்லிக் கடை திறந்துதான் இருக்கும்.

சரி, டிபன் பாக்ஸ். புளியோதரைக்கு நிகர் எதுவும் இல்லை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் பாட்டிலில் இருந்தால் காலையில் பத்து நிமிஷ வேலை, சாதமும் மறுநாள் காலை வரை கெடாது. எலுமிச்சை சாதம் மதியத்துக்கு. தேங்காய் சாதத்தைச் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகாதீர்கள், ஊசிப்போகும். இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி அடுக்கினால் சாயங்காலம் வரை காயாது. சப்பாத்தி மிருதுவாக வரப் பாலும் தயிரும் அவசியம் என்பது சும்மா, வெந்நீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டுப் பிசைந்து அரைமணி நேரம் ஊறவிட்டாலே போதும். தொட்டுக்கொள்ள மீல் மேக்கர் மசாலா. காய்ந்த மீல் மேக்கரில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவு புரதம் இருக்கிறது, "புரதத்துக்கு என்ன செய்வே?" என்று கேட்கிற சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கைச் சொல்லலாம். இல்லையென்றால் ஒரு டப்பா சுண்டல்.

எல்லாரும் தவிப்பது தயிர்சாதத்துக்குத்தான், நானும்தான். அதற்கு வேர்க்கடலைத் தயிர். பச்சை வேர்க்கடலை ஒரு கப் இரவு ஊறவைத்துத் தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நாலைந்து பச்சைமிளகாயைக் காம்போடு போட்டு மூடி வையுங்கள். நம்ம வெயிலுக்கு ஒரு ராத்திரியில் உறைந்துவிடும், மார்கழியில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். முதல் உறையில் கடலை வாசம் தூக்கலாக இருக்கும், மனசைத் தளரவிடாதீர்கள், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததுக்கு உறை ஊற்றினால் வாசம் குறைந்து புளிப்பு சரியாக வரும். இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் மாங்காய் ஊறுகாயோடு நன்றாகவே இறங்குகிறது. எங்கள் அம்மா இன்னும் இதைத் தயிர் என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தாளித்து வைத்தால் சாப்பிடுகிறார்.

காபி, டீ விஷயத்தில் பிடிவாதம் இருந்தால் கஷ்டம். கடுங்காப்பி, லெமன் டீ, சுக்குமல்லிக் காபி எங்கேயும் கிடைக்கும். மதுரைக்கு வந்தால் ஜிகர்தண்டாவை மறந்துவிட்டுப் பருத்திப்பால் குடியுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, தேங்காய் சேர்த்துக் காய்ச்சுவது, மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வயிறும் நிறையும். கம்பங்கூழ் வண்டியில் மட்டும் மோர் ஊற்றிக் கரைப்பதற்கு முன்பே குரல் கொடுக்க வேண்டும்.

இனிப்பு வேண்டுமென்றால் தெற்கே போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். கோவில்பட்டி கடலைமிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது, வேர்க்கடலையும் வெல்லமும்தான். தூத்துக்குடி மாவட்டம் முதலூரின் மஸ்கோத் அல்வாவை நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலில் கிண்டுவார்கள், என்னைக் கேட்டால் நெய் அல்வாவைவிட அதுதான் ருசி. பழனி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு, அதைப் பக்கத்து வீட்டுக்கு வாங்கிக் கொடுங்கள்.

பாக்கெட் தின்பண்டத்தில் பச்சைப் புள்ளியை நம்பிப் பயனில்லை, அது பாலையும் அனுமதிக்கும். பின்பக்கம் ஒவ்வாமை எச்சரிக்கையில் பால் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பொருட்பட்டியல் முழுவதையும் படிப்பதைவிட அது வேகம். சாதாரண பிஸ்கட், மசாலா சிப்ஸ் பலவற்றில் பால்பொடி இருக்கும். வீகன் உணவுக்கென்று 2022இல் தனி விதிமுறை வந்து, இலையோடு 'வி' எழுத்துள்ள முத்திரையும் இருக்கிறது, ஆனால் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் அதைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கடலைமிட்டாய், வாழைப்பழம், அவித்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் அங்கேயே தொங்குகிறது, கூடையில் வருகிறது.

வீகனாக இருப்பவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையை மறக்காதீர்கள். மருந்து விற்கிறவன் என்பதால் சொல்லவில்லை, புளித்த இட்லி மாவிலேயே தேவையான அளவு கிடைக்கும் என்று பரவுகிற பேச்சை நம்ப வேண்டாம். டாக்டரிடம் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வடக்கே ரயிலில் போவதாக இருந்தால் முதல் நாளைக்குப் புளியோதரை, இரண்டாம் நாளைக்குப் பருப்புப்பொடி போட்ட சப்பாத்திச் சுருள், பழம். ஜெயின் சாப்பாடு என்று முன்பதிவு செய்து ஏமாறாதீர்கள், அதில் வெங்காயம் பூண்டுதான் இருக்காது, தயிரும் பன்னீரும் வரும். இறங்கிய ஊரில் தாபாவில் உட்கார்ந்ததும் "பினா கீ, பினா மக்கன், பினா தஹி" (நெய், வெண்ணெய், தயிர் இல்லாமல்) என்று சொல்லிவிட்டு ராஜ்மாவும் தவா ரொட்டியும் கேளுங்கள், தாளிப்பு எண்ணெயிலா நெய்யிலா என்பதை மட்டும் அடுப்பருகே போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.