உடம்புக்குள் இருக்கும் பொருளுக்கு யார் பொறுப்பு?

செயற்கை மூட்டு ரீகால், அதாவது குறையுள்ள மூட்டைக் கம்பெனி திரும்பப் பெறுவது பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்குத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடிதங்கள் வந்துவிட்டன. நுகர்வோர் வழக்கு நடத்துகிற வக்கீல் என்ற முறையில், சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வக்கீலம்மா, அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். 2008-ல் மதுரையில் இடுப்பு மூட்டு மாற்றினோம். இரண்டு வருஷமாகத் தொடை இடுக்கில் வலி. எந்தக் கம்பெனி மூட்டு என்று கேட்டால், "பழைய பேப்பர் எல்லாம் அழிச்சாச்சு" என்கிறது ஆஸ்பத்திரி. ரீகால் ஆன மூட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தங்கச்சிமடம்)

2008 என்ற வருஷத்தைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன், தங்கச்சி. ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிப்யூ, ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை விற்ற காலம் அது. பந்தும் கிண்ணமும் இரண்டுமே கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். கிண்ணத்தின் ஆழம் குறைவு. கொஞ்சம் சாய்ந்து பொருந்திவிட்டால் பந்து அதன் விளிம்பிலேயே உரசும். உரசி உதிர்கிற உலோகத் துகள் சுற்றியிருக்கும் சதையை அழிக்கும், ரத்தத்திலும் கலக்கும். உலகம் முழுக்க ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்திய பிறகு, 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலேயே விற்பனை நின்றுவிட்டது.

அப்பாவுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. மூட்டு வலிக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது. முதல் வேலை, எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். உலோகத்தோடு உலோகம் உரசுகிற வகையா என்று அவர் பார்த்துச் சொல்வார். ஆம் என்றால், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். காது மந்தம், பார்வை மங்கல், மூச்சிரைப்பு இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உலோகம் கூடினால் அங்கெல்லாம் பாதிப்பு வரலாம்.

அடுத்தது ஸ்டிக்கர். ஒவ்வொரு மூட்டுப் பெட்டியிலும் இரண்டு விரல் அகலத்தில் வெள்ளை ஸ்டிக்கர்கள் இருக்கும். கறுப்புக் கோடுகள், எந்த மாடல் என்று சொல்லும் 'ரெஃப்' எண், எந்தத் தொகுதியில் தயாரானது என்று சொல்லும் 'லாட்' எண். ஆபரேஷன் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் ஒன்றை ஒட்டுவார்கள். நல்ல ஆஸ்பத்திரியாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒன்று இருக்கும். மண்டபத்திலிருந்து ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். மண்ணெண்ணெய் வாடை. ஒரு மணி நேரம் தேடியும் இல்லை. கடைசியில் பழைய ரேஷன் கார்டின் பின்னட்டையில் ஒட்டியிருந்தது. "நர்ஸ் கையில குடுத்துச்சு, தொலையக்கூடாதேன்னு ஒட்டி வச்சேன்" என்றார். லாட் எண் பாதி தேய்ந்திருந்தது; மீதி பாதியே வழக்குக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டில் எல்லாக் காகிதத்தையும் அப்படித் தேடுங்கள். ஆபரேஷன் பில், இன்சூரன்ஸ் காகிதம், மருந்துக்கடை ரசீது எதையும் விடாதீர்கள்.

"அழிச்சாச்சு" என்ற பதிலுக்கு வருகிறேன். உள்நோயாளி பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன 2002-ன் மருத்துவர் நடத்தை விதிகள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. மூட்டு உடம்பில் இருக்கப்போவது பதினைந்து, இருபது வருஷம். அது யாருடையது என்று சொல்லும் காகிதத்துக்கு ஆயுசு மூன்று வருஷம். இந்த ஓட்டைக்குள்தான் நம் ஆட்கள் காணாமல் போனார்கள். இந்தியாவில் ஏ.எஸ்.ஆர். பொருத்தியவர்கள் சுமார் 4,700 பேர். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை கொடுத்தபோது, அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். ராமேஸ்வரத்தில் மீன்பிடிக்க டோக்கன் வாங்கிப் போன படகு ஒன்று கரை திரும்பவில்லை என்றால் யாராவது பேசாமல் வீட்டில் இருப்பார்களா? மற்ற படகுகள் போகும், கரையே தேடும். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மூட்டு விற்றோம் என்ற இன்வாய்ஸ் கம்பெனியிடம் இருக்கும். பேப்பரில் விளம்பரம் கொடுத்து, ஹெல்ப்லைன் எண் போட்டுவிட்டால் தேடியதாகிவிடாது. அந்த இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்க வேண்டும். ஆகவே, உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் கம்பெனிக்கு ஒன்றுமாகப் பதிவுத் தபால் அனுப்பி, 2008-ல் அங்கே சப்ளையான மூட்டுகளின் விவரத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் நமக்குச் சாட்சிதான்.

ரீகால் ஆன மூட்டைக் கழற்றி வேறு வைக்கும் செலவைக் கொடுப்பதாகக் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. கூடவே ஒரு படிவம். கையெழுத்துப் போடலாமா? (கீழக்கரை)

படிக்காமல் போடாதீர்கள். "இதோடு என் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்கிற மாதிரி ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவப் பதிவுகளின் அசலைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.

மறு ஆபரேஷன் செலவு வேறு, நஷ்ட ஈடு வேறு. முதலாவது, கம்பெனி தன் பொருளைச் சரிசெய்துகொள்வது. இரண்டாவது, உங்கள் வலிக்கும், போன வருமானத்துக்கும், படுத்துக் கிடந்த நாட்களுக்கும். ஏ.எஸ்.ஆர். விஷயத்தில் அமெரிக்காவில் 2013-ல் சுமார் 250 கோடி டாலர் சமரசம் ஆனது. இங்கே மத்திய அரசின் குழு 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை கணக்குப் போட்டது. கம்பெனி அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2019 மே மாதம் 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர ஒப்புக்கொண்டது. 4,700-க்குப் பக்கத்தில் 67-ஐ வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். கழற்றிய மூட்டு உங்கள் சாட்சி. அதைக் கம்பெனி ஆள் "டெஸ்டுக்கு" என்று எடுத்துப்போக விடாதீர்கள். எனக்கு வேண்டிய அக்கா ஒருவர், பாசி எடுக்கப் போகிறவர், கழற்றிய கிண்ணத்தை ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. விளிம்பில் மட்டும் பிறை வடிவத்தில் மங்கலான தேய்மானம், நகத்தால் தடவினால் தெரிந்தது. பத்துப் பக்க வாதத்தை அந்தப் பிறை சொல்லிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் எழுதிக் கொடுத்து, பெயரெழுதி மூடிய டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. நாங்கள் காசு கட்டவில்லை. வழக்குப் போட முடியுமா? (மண்டபம்)

முடியும். காப்பீட்டுக்காரர் கட்டணம் கட்டினாலும் அது சேவைதான் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் வழக்கு நிற்காது. ஆனால் சிவில் நீதிமன்றம் இருக்கிறது.

நான் காமர்ஸ் டீச்சர். 1982-ல் டைலினால் என்ற வலி மாத்திரையைத் திரும்பப் பெற்றதற்காக இதே ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியை நெறிமுறைக்கு உதாரணமாகப் பாடம் நடத்துகிறேன். அவர்களா இப்படி? மாணவர்களுக்கு என்ன சொல்வது? (தொண்டி)

இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், டீச்சர். 1982-ல் சிகாகோ பக்கம் யாரோ மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். கம்பெனி சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தது. நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. 1943-லிருந்து அவர்கள் வைத்திருக்கும் கொள்கை அறிக்கையும், மருந்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கே முதல் பொறுப்பு என்கிறது.

ஆனால் அந்த விஷம் வெளியாள் வைத்தது. கம்பெனி தன் தப்பு என்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஏ.எஸ்.ஆர். கதை அப்படியில்லை, அவர்களே வரைந்த கிண்ணம். விற்பனையை நிறுத்துகிறோம் என்று 2009-ல் சொன்னபோது, வாங்குவோர் குறைந்துவிட்டார்கள் என்று வியாபாரக் காரணம் சொன்னார்கள். பிரிட்டனின் மூட்டுப் பதிவேட்டை வைத்து, ஐந்து வருஷத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு மறு ஆபரேஷன் என்று ரீகாலின்போது சொன்னார்கள். 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கில் வெளியே வந்த கம்பெனியின் சொந்த மதிப்பீட்டில் அது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது.

மாணவர்களிடம் இதையும் கேளுங்கள்: பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம். தொடைக்குள் இருப்பதை எப்படித் திரும்பப் பெறுவது? உடம்புக்குள் பொருத்தும் இம்ப்ளாண்டின் ரீகாலில் கம்பெனிக்குத் திரும்பிப் போவது விற்காமல் கிடக்கும் சரக்குதான். பொருத்திக்கொண்டவருக்குக் கிடைப்பது ஒரு செய்தி, அதுவும் அவரைக் கண்டுபிடித்தால்.

பாம்பனில் குடிநீர் பிளாண்ட் அமைத்துத் தர ஒரு கம்பெனி முன்வருகிறது. அவர்கள் பொருள் மீது புகார்கள் இருப்பதாகக் கேள்வி. வாங்கலாமா? (பாம்பன்)

தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. அது தர்மம் இல்லை, கடமை. திறப்பு விழா மேடையில் மட்டும் பாராட்டுப் பத்திரம் வாசிக்காதீர்கள்.

இம்ப்ளாண்ட் கம்பெனியில் சேல்ஸ் ரெப். சொந்த ஊர் சாயல்குடி. ஒரே மாடலில் மூன்று புகார் வந்துவிட்டது. மூன்றையும் "டாக்டர் சரியாக வைக்கவில்லை" என்று எழுதி மூடச் சொல்கிறார் மேனேஜர். வேலையும் வேண்டும், தூக்கமும் வரவில்லை. (பெயர் வேண்டாம்)

தம்பி, அந்தத் தூக்கம் வராததை மதிக்கிறேன். ஏ.எஸ்.ஆரிலும் டாக்டர் வைத்த கோணம்தான் சரியில்லை என்ற பேச்சு இருந்தது. கோணம் கொஞ்சம் மாறினாலே கெட்டுப்போகிற பொருள் என்றால், அந்தக் குறை யாருடையது?

2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, எதிர்பாராத கடுமையான பாதிப்பு தெரியவந்தால் உரிமம் பெற்ற நிறுவனம் 15 நாளுக்குள் உரிமம் கொடுத்த அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே நீங்கள் பார்த்ததை, பார்த்தபடியே, தேதி போட்டு மேனேஜருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசாதீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் உள்ளுக்குள்ளேயே புகார் சொல்லும் வழி வைத்திருக்க வேண்டும், அதையும் பயன்படுத்துங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற அரசுத் திட்டத்துக்கு 1800-180-3024 இலவச எண்ணில் தெரிவியுங்கள். நோயாளிகளின் பெயர், காகிதம் எதையும் வெளியே எடுத்துவராதீர்கள். மாடல், லாட் எண், நடந்தது என்ன என்பது போதும். பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். நாளைக்கு விசாரணை வந்தால் அந்தத் தாளில் மேனேஜர் பெயர் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும்.

ரீகால் ஆன மூட்டோடு அம்மா போன வருஷம் தவறிவிட்டார்கள். நாங்கள் கேட்க முடியுமா? (தேவிபட்டினம்)

கேட்கலாம். நுகர்வோர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு புகார் கொடுக்கலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வடிவமைப்பில் குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்பதும் அதே சட்டம். விஷயம் தெரியவந்து இரண்டு வருஷத்துக்குள் வர வேண்டும். பிந்திவிட்டால் தக்க காரணம் காட்ட வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் இந்த வாரமே எழுதிப்போடுங்கள். அம்மாவின் சேலைப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் வரும்போது பிரியுங்கள், ஆனால் அதிலிருக்கும் எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போடாதீர்கள். அப்படியே பையில் கட்டி என்னிடம் கொண்டுவாருங்கள், நாம் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.