உயர மாதிரியில் கடியப்பட்டணம் ஏன் கடலுக்கு அடியில் கிடக்கிறது?

கேள்வி: இந்தியச் செயற்கைக்கோள் கார்ட்டோசாட்-1 ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த ஸ்டீரியோ ஜோடி ஒன்றை நாசாவின் ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன் மென்பொருளில் ஓட்டி, வள்ளியாற்று வடிநிலத்துக்கு உயர மாதிரி (இடத்துக்கு இடம் உயரத்தைக் காட்டும் எண் வரைபடம்) எடுத்தேன். கடியப்பட்டணம் கரை மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டுகிறது. குளங்களில் முள்முள்ளாக நிற்கிறது. இதை வைத்து வாய்க்கால் சரிவு கணக்கிடலாமா? (தக்கலை வாசகர்)

மைனஸ் எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். மென்பொருள் தரும் உயரம் டபிள்யூஜிஎஸ்84 எலிப்சாய்டிலிருந்து, அதாவது பூமிக்குக் கணக்கில் வைத்த சீரான வடிவத்திலிருந்து, அளந்தது. கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு நம் பகுதியில் அந்த எலிப்சாய்டுக்கு 90 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகின் மிக ஆழமான ஜியாய்டுப் பள்ளம், சுமார் மைனஸ் 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே கடலில்தான் இருக்கிறது. குமரி அதன் விளிம்பு. அதே தொகுப்பில் உள்ள ஜியாய்டுத் திருத்தக் கருவியை ஈஜிஎம்2008 என்ற ஜியாய்டு மாதிரியைக் கொடுத்து ஓட்டினால் கரை பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். வரைபடச் சட்டகம் யூடிஎம் (உலகை 6 பாகை மண்டலங்களாகப் பிரிக்கும் முறை) 43 வடக்கு. மாவட்டம் முழுவதும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் 44 வேண்டாம்.

குளத்து முள்ளுக்கு வருவோம். கார்ட்டோசாட்-1-ன் ஒரு கேமரா 26 பாகை முன்னோக்கியும், மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் பார்த்தது. ஒரே இடத்தை இரண்டும் எடுக்க ஏறக்குறைய 52 விநாடி இடைவெளி. அதற்குள் நீரின் அலையும் மினுக்கமும் மாறிவிடும். பொருத்த அடையாளம் இல்லாத இடத்தில் மென்பொருள் ஏதோ ஒன்றைப் பொருத்தும், அதுவே முள். குளம், அணை, கடல் எல்லாவற்றுக்கும் எல்லை வரைந்து, உள்ளே உள்ள உயரங்களை நீக்கிவிடுங்கள். பிறகு நீர் தொடும் கரையோரப் புள்ளிகளின் இடைநிலை மதிப்பை எடுத்துக் குளம் முழுவதற்கும் ஒரே மட்டமாகப் போடுங்கள். ஓட்டை நிரப்பும் கருவியை இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் கரையின் உயரம் குளத்துக்குள் வழிந்துவிடும்.

வேளிமலைச் சரிவில் வேறு தொல்லை. செயற்கைக்கோள் வடக்கிலிருந்து தெற்கே போவதால், முன்னோக்கும் படத்தில் தெற்குச் சரிவுகள் சுருங்கித் தெரியும், பொருத்தம் தவறும். முதலில் இரண்டு படங்களையும் 30 மீட்டர் கட்டமுள்ள எஸ்ஆர்டிஎம் (நாசாவின் ரேடார் உயர மாதிரி) மீது விரித்துவிட்டுப் பிறகு பொருத்துங்கள். எஸ்ஆர்டிஎம் உயரங்கள் ஜியாய்டிலிருந்து அளந்தவை. எலிப்சாய்டுக்கு மாற்றாமல் கொடுத்தால் இரண்டு படங்களுக்கும் இடையே 24 பிக்சல் அளவுக்கு வீண் இடைவெளி உண்டாகி, தேடல் நீண்டுகொண்டே போகும். மென்பொருளில் உள்ள பொருத்தும் முறைகளில் எம்ஜிஎம் நல்லது. வெளியீட்டுக் கட்டம் 10 மீட்டர் போதும், படத்தின் பிக்சல் அளவான 2.5 மீட்டர் கேட்டால் கூடுதல் விவரம் வராது, இரைச்சல்தான் வரும்.

நிலக் கட்டுப்பாட்டுப் புள்ளி (இடமும் உயரமும் தரையில் துல்லியமாக அளந்த புள்ளி) இல்லாமல், படத்தோடு வரும் ஆர்பிசியை (பிக்சலைத் தரை இடத்தோடு இணைக்கும் கணக்கு) மட்டும் நம்பினால் படம் நூறு மீட்டர் அளவுக்குக்கூட விலகலாம். படத்தின் நான்கு மூலைகளிலும் நடுவில் இரண்டு இடத்திலும் டிஜிபிஎஸ் (திருத்தம் சேர்ந்த துல்லிய ஜிபிஎஸ்) வைத்து ஆறு புள்ளி எடுங்கள். சரிபார்க்க மட்டும் இன்னும் மூன்று. கல்வெர்ட் (சாலைக்கடியில் நீர் போகும் சிறுபாலம்) முனை, சாலைச் சந்திப்பு ஏற்றவை. தென்னை நிழல் விழும் இடம் வேண்டாம்.

இனி வாய்க்கால் சரிவு. இந்த மாதிரியை வைத்து அதைக் கணக்கிட வேண்டாம். இரண்டு படங்களும் எடுத்த இடங்களின் இடைத்தூரத்துக்கும் செயற்கைக்கோளின் உயரத்துக்கும் உள்ள விகிதம் 0.62. ஆகவே பொருத்தத்தில் ஒரு பிக்சல் (2.5 மீட்டர்) தவறினால் 4 மீட்டர் உயரப் பிழை. கால் பிக்சல் தவறினாலே 1 மீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத வாய்க்காலில் அந்தப் பிழையே சரிவை விழுங்கிவிடும். ரப்பர், தென்னை, வாழை நிற்கும் இடத்தில் செயற்கைக்கோள் பார்ப்பது மர உச்சியை. அடியில் ஓடும் வாய்க்காலை அல்ல. வாய்க்காலுக்கு ஆட்டோ லெவல் என்ற மட்டமளக்கும் கருவி வைத்து நேரில் அளந்துகொண்டே போங்கள்.

மலைப்பகுதியில் நீர்பிடிப்பு எல்லை வரைய இந்த மாதிரி தாராளமாக உதவும். சமவெளிக்கு இறங்கியதும் குளத்தங்கரையும் ரயில்பாதை மேடும் நீரோட்டக் கோட்டை மறிக்கும். மடை, மறுகால், கல்வெர்ட் இருக்கும் இடங்களை நேரில் குறித்து, அங்கே மட்டும் கரையைக் கணினியில் வெட்டி வழி விடுங்கள். அடுத்த ஜோடி தேடும்போது ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்ததாகப் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மேகம் குறைந்த மாதங்கள் அவையே. ரப்பர் இலை உதிர்க்கும் காலமும் ஓரளவு அதில் அடங்கும்.