வீட்டுக்குள் நிற்கும் பைக்கும் வீட்டுக் காப்பீடும்: கேள்வி பதில்

மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்திவைப்பது பற்றியும், அதனால் காப்பீட்டில் எழக்கூடிய சிக்கல்கள் பற்றியும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் அளிக்கிறேன். பாலிசிக்குப் பாலிசி வாசகம் மாறும் என்பதால், படித்த பின் உங்கள் ஆவணத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வண்டியைக் கூடத்தின் மூலையில் நிறுத்துகிறேன். அது திருடுபோனாலோ எரிந்தாலோ வீட்டுப் பொருள்களுக்கான காப்பீட்டில் இழப்பீடு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. வீட்டுப் பொருள் காப்பீடுகள் ஏறக்குறைய எல்லாமே மோட்டார் வாகனங்களை விலக்கிவிடுகின்றன. மேசை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நிற்பதால் மட்டும் வண்டி வீட்டுப் பொருளாகிவிடாது. அதற்கான பாதுகாப்பு அதன் சொந்த மோட்டார் பாலிசியிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பாலிசியும் மூன்றாம் நபர் பொறுப்பை, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்பை, மட்டும் ஏற்பதாக இருந்தால், உங்கள் வண்டி முழுவதும் எரிந்துபோனாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆகவே தீயும் திருட்டும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கழற்றி வைத்திருக்கும் உதிரி பாகங்கள், ஹெல்மெட், பயண உடைகள் ஆகியவற்றை எந்தப் பாலிசி ஏற்கும் என்பதையும் தனியாகக் கேட்டுவையுங்கள்.

கேள்வி: வண்டியில் பற்றிய தீ வீட்டுக்கே பரவினால், கட்டடத்துக்கான காப்பீட்டை மறுத்துவிடுவார்களா?

எல்லாரையும் உறுத்தும் கேள்வி இதுதான். சாதாரணக் கவனக்குறைவால் நேர்ந்த தீ என்பதற்காக மட்டுமே இழப்பீட்டை மறுப்பது பொதுவான வழக்கமல்ல. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் முளைக்கிறது. எரியக்கூடிய திரவங்களைக் குடியிருப்புப் பகுதிக்குள் வைக்கக் கூடாது என்றோ, இழப்பைத் தவிர்க்க நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்றோ பாலிசியில் நிபந்தனை இருந்து, அதை மீறியிருந்தால் நிறுவனம் அதைச் சுட்டிக்காட்டும். மற்றொன்று மறைப்பு. காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. ஆபத்தின் அளவை மாற்றும் செய்தி ஒன்றை, கேட்கப்பட்ட நிலையில் சொல்லாமல் விட்டிருந்தால், தீ எங்கே தொடங்கியது என்பதையும் தாண்டி அந்த மௌனமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடலாம். வண்டியை உள்ளே வைத்ததைவிட, வைத்ததைச் சொல்லாததே பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: சொன்னால் பிரீமியத்தை உயர்த்திவிடுவார்களே?

உயர்த்தலாம், நிபந்தனை விதிக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். எதுவானாலும் தீ விபத்துக்குப் பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது மேல். தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்று நின்றுவிடாதீர்கள். மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதுங்கள். வண்டி எந்த அறையில், எவ்வளவு காலம், டேங்கில் பெட்ரோலுடனா இல்லாமலா நிற்கும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, இதனால் கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் அண்டை வீட்டாருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புக்கும் உள்ள காப்பு பாதிக்கப்படுமா என்று நேராகக் கேளுங்கள். மோட்டார் பாலிசி நிறுவனத்துக்கும் இரவில் வண்டி நிற்கும் இடத்தைத் தெரிவியுங்கள். இரண்டு பதில்களையும் வீட்டுக்கு வெளியே, அல்லது இணையத்தில், சேமித்து வையுங்கள்.

கேள்வி: டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

துருப்பிடிக்காமல் இருக்க நிரப்பி வைக்கச் சொல்வது தனி ஷெட்டுக்குப் பொருந்தும் அறிவுரை. மனிதர்கள் உறங்கும் வீட்டுக்குள் நிலைமை வேறு. பெட்ரோல் சுமார் −40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு தவழ்ந்து அடுத்த அறையிலிருக்கும் அடுப்பையோ, கேஸில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலனின் சிறு சுடரையோ எட்டக்கூடும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே பற்றுவதற்குப் போதும்.

அதற்காக, பெட்ரோலை வடித்துவிட்டு உடனே மூடி வைத்த டேங்க் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் தங்கிய சில துளிகளின் ஆவி காற்றோடு கலந்து, எளிதில் வெடிக்கும் விகிதத்துக்கு வந்துவிடும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு முழுவதும் வடித்து, வாடை அறவே போகும்வரை காற்றாட விட்டு, உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, பிறகு உள்ளே கொண்டுவருவதே முறை. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டியானால், அதில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். அந்தக் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசி சரியாக மூடாமல், திறந்து கிடந்த பெட்ரோல் குழாய் வழியே இரவு முழுவதும் பெட்ரோல் தரையில் சொட்டுவது பழைய வண்டிகளில் அடிக்கடி நடப்பது. வடித்த பெட்ரோலை வீட்டுக்குள் கேனில் வைத்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

கேள்வி: இரவு முழுவதும் பேட்டரியை சார்ஜரில் விடலாமா?

ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 விழுக்காட்டிலிருந்து அது தீப்பற்றும். பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரில், நீங்கள் விழித்திருக்கும்போது போடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு அதற்கென உள்ள சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள். அது உப்பியிருந்தாலோ அடிபட்டிருந்தாலோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது.

கேள்வி: வாரம் ஒருமுறை உள்ளேயே சிறிது நேரம் ஸ்டார்ட் செய்து வைக்கலாமா?

கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரைப் பறிக்க அதற்கு அதிக நேரமும் தேவையில்லை.

கேள்வி: அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்குள் இடமில்லாததால் பொது நடையில் நிறுத்தலாமா?

நடையும் படிக்கட்டும் தீ நேரத்தில் எல்லாரும் தப்பிக்கும் வழி. அங்கே வண்டியை நிறுத்துவதை எந்த நியாயம் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது. உள்ளே வைப்பதற்கும் வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கட்டடக் காப்பீடு அவர் பெயரில் இருப்பதால், தம் நிறுவனத்துக்கு அவரும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆறு மாதம் ஓட்டப்போவதில்லை. மோட்டார் காப்பீட்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால், முதல் பதிலில் சொன்னபடி, வண்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போகும். ஓட்டாத காலத்துக்குத் தீ, திருட்டு மட்டும் அடங்கிய காப்பு தருவார்களா என்று கேளுங்கள். ஓட்டாத வண்டிக்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடங்களும் உண்டு என்பதால், பதிவு அலுவலகத்தில் விசாரித்த பின்பே எதையும் ரத்து செய்யுங்கள்.