அப்பா இறந்தபோது வராத அழுகை, துப்பாக்கி போனபோது வந்தது

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 54. யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி, குழல் அளவு பன்னிரண்டு போர் (12 bore). தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது போல அதன் குழல் முழுக்க வரிகள் ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்தது. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்காது என்று அப்பா அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. இன்னொன்று அப்பா இளவயதில் வாங்கிய பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிள், சிறிய தோட்டா போடுவது. ரைஃபிளுக்கு உரிமம் உண்டு, அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாற்றினேன். தாத்தாவுடையது பழம்பொருள் கணக்கில் வந்ததால் உரிமம் தேவைப்படவில்லை. அதன் எண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அப்பாவுக்குக் கடைசி மூன்று வருடம் மறதி நோய். என் பெயர் போயிற்று, பிறகு நான் யார் என்பதே போயிற்று. ஆனால் சாயங்காலம் ஆனால் அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டுவார். தாத்தாவின் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பேன். வீட்டில் தோட்டா எதுவும் இல்லை, பயம் இல்லை. குழல், அதன் அடியில் இருக்கும் மரத்துண்டு, தோளில் வைக்கும் கட்டை என்று மூன்றாகப் பிரிப்பார். கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பார், எண்ணெய் தடவுவார், மறுபடி மாட்டுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்து, “தம்பி, இதை ஈரம் படாமல் வை” என்பார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னிடம்தான் சொன்னார் என்று நான் நம்பினேன்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியே போயிருந்தோம். திரும்பி வந்தபோது பின்கதவு உடைந்திருந்தது, அலமாரி காலி. அது மர அலமாரி. இரும்புப் பெட்டகம் வாங்க வேண்டும் என்று இடம்கூட அளந்து வைத்திருந்தேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

அன்றைக்கே புகார் கொடுத்தோம். ரைஃபிளின் எண் உரிமப் புத்தகத்தில் இருந்தது. “பெரிய துப்பாக்கிக்கு என்ன அடையாளம்?” என்று கேட்டபோது வாயடைத்துப் போனேன். ஐம்பது வருடம் பார்த்த பொருளில் ஒரு எண்ணைக்கூடச் சொல்லத் தெரியவில்லை.

அதிலிருந்து ராத்திரி இரண்டு மணி வரை ஏல விளம்பரங்களையும் பழைய துப்பாக்கி விற்பனைப் பக்கங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படங்களைப் பெரிதாக்கிக் குழலின் வரிகளைப் பார்ப்பேன். இரண்டு தடவை அதுதான் என்று நினைத்து உடம்பெல்லாம் நடுங்கியது. இரண்டும் வேறு. எங்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தாலும், எங்கள் ரைஃபிளாக இருக்குமோ என்று நெஞ்சு அடைக்கிறது.

வீட்டில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. திருட்டுக்கு முன் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்மேல் எனக்குச் சந்தேகம். போலீஸ் விசாரித்து விட்டுவிட்டார்கள். ஆனாலும் இரண்டு சாயங்காலம் அவர் தெருமுனையில் போய் நின்றேன். மூன்றாவது நாள் அவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே ஒரு குழந்தை அழுதது. திரும்பி வந்துவிட்டேன்.

“மாமாவே போயிட்டார், இரும்புக்கு எதற்கு இவ்வளவு?” என்கிறாள் மனைவி. “பெரியவன் என்றுதானே உன்னிடம் விட்டேன்” என்று சொன்ன தம்பி, அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. குடும்ப ஆல்பங்கள்கூட அவனிடம்தான் இருக்கின்றன.

அப்பா இறந்தபோது நான் அழவில்லை. காலி அலமாரியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு என்ன ஆயிற்று?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வாசலைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அங்கே மறுபடி போகாதீர்கள். அவர் குற்றமற்றவராக இருந்தால், ஒரு குடும்பத்தைக் காரணமில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். குற்றவாளியாகவே இருந்தால், ஆயுதத்தோடு இருக்கக்கூடிய ஒருவர் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறீர்கள். உங்களுக்குப் புதிதாக ஏதாவது தெரிந்தால் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். இன்று ராத்திரியே மனைவியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்திருக்கும்வரை உங்கள் கால் அந்தத் தெருவுக்குத்தான் போகும். குழந்தையின் அழுகை கேட்டு நீங்கள் திரும்பினீர்கள் என்பதை நான் கவனித்தேன். உங்கள் மனசு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த எட்டு மாதத்தில், இருந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா? தோன்றியிருந்தால் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். துப்பாக்கி இருக்கும் வீடுகளில் தற்கொலை அபாயம் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதனால், நாளைக்கு அந்த ரைஃபிள் கிடைத்துவிட்டாலும் உங்கள் தூக்கமும் மனசும் சரியாகும்வரை அது வீட்டுக்கு வரக் கூடாது. உரிமம் பெற்ற வியாபாரியிடமோ, சட்டம் அனுமதிக்கும் வேறு பாதுகாப்பான இடத்திலோ இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1970களில் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தார். உடல் கிடைக்கவில்லை, செய்தியும் இல்லை. அழவும் முடியாமல் காத்திருக்கவும் முடியாமல் அந்தக் குடும்பங்கள் உறைந்து நின்றன. முடிவு தெரியாத இழப்பு என்று அதைச் சொல்லலாம். பிறகு மறதி நோயாளிகளின் குடும்பங்களிலும் அவர் இதையே கண்டார். அங்கே ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவர் இல்லை.

உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. மூன்று வருடம் அப்பா இருந்தும் இல்லாமல் இருந்தார். அவர் உயிர் போன நாளில் நீங்கள் அழாததற்குக் கல்நெஞ்சு காரணமில்லை. அதற்கு முன்பே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து களைத்துப் போயிருந்தீர்கள். அந்த மூன்று வருடத்தில் அவர் மிச்சமிருந்த ஒரே நேரம் அந்தச் சாயங்காலம்தான். பெயர்களும் முகங்களும் மறந்த பிறகும் கை பழகிய வேலை பலருக்கு வெகுகாலம் தங்குகிறது. மூளையில் அவை வேறு வேறு வழிகளில் பதிகின்றன. உங்கள் அப்பாவின் கை மறக்கவில்லை. அந்தக் கை தொட்ட பொருள் காணாமல் போனபோது, ஆள் இறந்த செய்தி அன்றைக்குத்தான் உங்களுக்கு வந்து சேர்ந்தது. அலமாரியின் முன் நீங்கள் அழுதது அப்பாவுக்காக என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்கள் மனைவி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை உங்களை ஏன் வலிக்கச் செய்கிறது என்பதற்குப் பெயர் உண்டு. 1989இல் துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோகா என்ற அமெரிக்கர் எழுதியதிலிருந்து, மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளாத துக்கத்தை ஒரு தனி வகையாகவே பார்க்கிறோம். ஆள் இறந்தால் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். பொருள் போனால், அதுவும் துப்பாக்கி போனால், யாரும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. மனைவிக்கு அந்தச் சாயங்காலங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? “தம்பி, ஈரம் படாமல் வை” என்பது உங்களுக்கு என்னவாக இருந்தது என்று? எனக்கு எழுதிய அந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

குற்ற உணர்ச்சியை மழுப்ப நான் விரும்பவில்லை. பெட்டகம் வாங்காமல் தள்ளிப்போட்டது தவறுதான். நீங்களே அப்படித்தான் நினைக்கிறீர்கள், நான் ‘தவறில்லை’ என்று சொன்னால் என்னை நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்தத் தவறின் அளவு என்ன? பெட்டகம் வாங்காதது உங்கள் கணக்கு. கதவை உடைத்தது திருடியவர் கணக்கு. அந்த ரைஃபிளால் நாளை ஏதாவது நடந்தால், அதைச் செய்பவர் கணக்கு அது. தெரிந்த அன்றே புகார் கொடுத்ததும் ரைஃபிளின் எண்ணைச் சொன்னதும் அந்த ஆபத்தைக் குறைக்க ஒரு மனிதரால் செய்யக்கூடிய பெரிய காரியங்கள். எண்ணோடு பதிவான துப்பாக்கி எங்கே பிடிபட்டாலும் அடையாளம் தெரிய வழி இருக்கிறது. நாடுகளுக்கிடையே தேடுவதற்கு இன்டர்போலிடம் ஐஆர்ம்ஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அதில் உங்களுடையது சேர்ந்திருக்கிறதா என்று போலீஸிடமே கேளுங்கள். செய்தி பார்த்து நெஞ்சடைப்பதால் ஒரு உயிரும் காப்பாற்றப்படுவதில்லை. சில மாதங்களுக்கு அந்தச் செய்திகளை விடுங்கள்.

தேடுவதை நிறுத்தச் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. திருடுபோன துப்பாக்கிகள் வேறொரு வழக்கில் பிடிபட்டுப் பல வருடம் கழித்து வீடு திரும்பியதுண்டு. எண்ணை அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும், முத்திரை அடித்த அழுத்தம் உலோகத்துக்குள் இறங்கியிருக்கும், அமிலம் பூசித் தடயவியல்காரர்கள் பல சமயம் அதை மறுபடி வாசித்துவிடுகிறார்கள். நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஆனால் இப்போது நடப்பது தேடல் மாதிரி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், கையில் போன். தேடலை முடித்தால் அவரையும் முடித்துவிட்டது போலத் தோன்றுவதால்தான் எழுந்திருக்க முடியவில்லை.

எனவே இரண்டையும் பிரியுங்கள். தேடலுக்கு வாரத்தில் ஒரு நாள், பகலில், ஒரு மணி நேரம். மனைவியும் பக்கத்தில் இருந்தால் நல்லது. பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால் விற்பவரிடம் நீங்களாகப் பேசாமல், அந்தப் பக்கத்தின் நகலைப் போலீஸிடம் கொடுங்கள். பணம் கொடுத்தால் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டாலும் அப்படித்தான். உங்கள் பொருளையே கள்ளத்தனமாக வாங்கினால் வழக்கு உங்கள்மேலேயே திரும்பக்கூடும். காப்பீடு இருந்து இழப்பீடு வாங்கப்போகிறீர்கள் என்றால், பின்னால் துப்பாக்கி கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் பெற்றதும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

அப்பாவுக்கு வேறு நேரம் கொடுங்கள். பழைய சாயங்கால நேரத்திலேயே இருக்கலாம். அந்த எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் கம்பியும் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தெறிந்தால்தான் துக்கம் ஆறும் என்று ஒரு காலத்தில் எங்கள் மனநல ஆலோசனைத் துறையில் நம்பினார்கள். 1990களிலிருந்து அந்த எண்ணம் மாறிவிட்டது. உறவு வேறு உருவில் தொடரலாம். ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசுவதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. நான்கைந்து வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் நேரில் ஆலோசனைக்குப் போங்கள், கடிதத்தால் மட்டும் தீர்க்கக்கூடியது இது இல்லை.

கடைசியாக, “பெரிய துப்பாக்கிக்கு என்ன அடையாளம்?” என்ற கேள்வி. எண் தெரியாவிட்டாலும் அதற்குப் பதில் இருக்கிறது. கட்டையின் மரவரி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. டமாஸ்கஸ் குழலின் முறுக்கும் கீறல்களும் பழுதுபார்த்த தடங்களும் அப்படித்தான். தாத்தாவோ அப்பாவோ அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தெளிவான படம் கிடைத்தாலே போலீஸுக்குப் பெரிய உதவி. அது தோட்டா தாங்காத குழல் என்பதையும் அவர்களிடம் எழுதிக் கொடுங்கள், பிடிப்பவர் கையில் வெடித்துவிடக் கூடாது.

அந்தப் படங்கள் தம்பியின் ஆல்பத்தில் இருக்கின்றன. அவரும் அப்பாவை இழந்தவர்தான். உங்களிடம் கோபப்படுவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். போன் எடுத்தவுடன் மன்னிப்பு, விளக்கம் எல்லாம் வேண்டாம். “அப்பா துப்பாக்கியோட நிற்கிற படம் ஏதாவது உன்கிட்ட இருக்கா? அடையாளத்துக்கு வேணும்” என்று மட்டும் கேளுங்கள். முடிந்தால் ஆல்பத்தை அனுப்பச் சொல்லாமல் நீங்களே போய் அவரோடு உட்கார்ந்து புரட்டுங்கள்.