தோற்ற வேட்பாளரின் சாக்லேட் உருண்டை

அன்புள்ள சார்,

என் மகளோடு வேலை பார்க்கும் பிரேசில்காரப் பெண் பிரிகடெய்ரோ என்று ஒரு சாக்லேட் உருண்டை கொடுத்தனுப்பினார். அபாரம். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு விமானப்படை அதிகாரி என்கிறாராம். நம்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதி நம்பலாம். பிரிகேடியர் எதுவார்து கோமெஸ் விமானப்படைக்காரர்தான், ஆனால் உருண்டை பிடித்தது அவர் இல்லை, அவருக்காக ஓட்டுக் கேட்ட பெண்கள்.

1945 டிசம்பரில் பிரேசிலில் ஜனாதிபதி தேர்தல். பதினைந்து வருஷம் ஆண்ட வர்காஸை அந்த அக்டோபரில்தான் ராணுவம் இறக்கியிருந்தது. பெண்கள் ஓட்டுப் போட்டு ஒரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்ததும் அப்போதுதான் முதல் தடவை (உரிமை 1932-லேயே வந்துவிட்டது, நேரடித் தேர்தல்தான் வரவில்லை). கோமெஸ் ஆளும் பார்க்க லட்சணமாக இருப்பார், கல்யாணமும் ஆகவில்லை, அந்த இரண்டையும் சொல்லியே ஒரு கோஷம் ஓடியது! ஆதரவாளர்கள் பிரச்சார நிதிக்காக இந்த உருண்டையை விற்க, பிரிகேடியர் மிட்டாய்க்கு அவர் பதவியே பெயராக நின்றுவிட்டது. முதலில் செய்தவர் யார் என்பதில் அங்கே இன்னும் சண்டைதான்.

எனக்கு இதைவிடச் சுவாரசியம், கோமெஸைக் கவிழ்த்ததிலும் ஒரு சாப்பாட்டுச் சமாச்சாரம் உண்டு என்பது. வர்காஸுக்குப் பின்னால் நிற்கும் வெட்டிக் கும்பலின் ஓட்டு எனக்குத் தேவையில்லை என்று மேடையில் பேசிவிட்டார். எதிர்முகாமின் உகோ போர்கி சும்மா இருப்பாரா, தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகும் தொழிலாளியின் ஓட்டே வேண்டாமாம் என்று அதைத் திரித்து வானொலியில் பரப்பினார். எதிர்த்து நின்று ஜெயித்த துத்ராவுக்குச் சுமார் 55 சதவீதம், கோமெஸுக்கு 35. கடைசி நேரத்தில் வர்காஸ் துத்ராவை ஆதரித்ததும் பெரிய அடிதான். 1950-ல் கோமெஸ் மறுபடி நின்று வர்காஸிடமே தோற்றார்.

சரி, செய்முறை. கண்டென்ஸ்டு மில்க், கோகோ பவுடர், கொஞ்சம் வெண்ணெய். பிரேசில் டப்பாவிலும் நம் மில்க்மெய்டில் இருக்கும் அதே பால்காரப் பெண்தான், நெஸ்லே 1921-லேயே அங்கே அராராஸில் ஆலை போட்டுவிட்டது. சிறுதீயில் கை விடாமல் கிளறுங்கள். கரண்டியால் நடுவே இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, மெதுவாக மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். ஆறியதும் கையில் வெண்ணெய் தடவி உருட்டி, சாக்லேட் துகளில் புரட்டுங்கள். சீனி மட்டும் சேர்த்துவிடாதீர்கள், டப்பாவிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது.